எது கேட்டாலும் என்டர்

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார்: இன்டர்நெட் இல்லாத காலத்தில் நீங்களெல்லாம் எப்படித்தான் சமாளித்தீர்கள் அண்ணா என்று. கேள்வியில் மரியாதை இருந்தது. கூடவே, கல்லை உரசித் தீ மூட்டியவனைப் பார்க்கிற ஒரு பரிதாபமும் இருந்தது. இந்தத் தம்பிகள் இன்றைக்கு என்ன செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தன் வீட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி, காதில் ஒன்றைச் செருகிக்கொண்டு, "ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்கிறார்கள். அதைச் சொல்வதற்கு நாங்கள் ஊர்க்கோடியில் இருந்த கணபதி வரைக்கும் வெயிலில் டிவிஎஸ் ஃபிஃப்டி ஓட்டிக்கொண்டு போனோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பாலிடெக்னிக் டிப்ளமோ, டிவி ரிப்பேர் கடையில் கொஞ்ச காலம், பிறகு காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கம்பெனி. பயிற்சிக்கு மெட்ராஸ் அனுப்புவதாகச் சொன்னார்கள். அனுப்பவில்லை. பழைய மிஷின் ஒன்றைக் கொடுத்துப் பிரித்துப் பூட்டச் சொன்னார்கள். பூட்டி முடித்தபோது கையில் சில ஸ்க்ரூக்கள் மிச்சம். "மிச்சம் வந்தா ஸ்டாக்ல சேத்திரு" என்றார் மேலாளர். அத்தோடு நான் சர்வீஸ் இன்ஜினியர் ஆகிவிட்டேன்.

அப்போது வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் வீட்டிலேயே நல்ல அறை அதற்குத்தான். வீட்டு மனிதர்கள் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள், கம்ப்யூட்டருக்கு ஏசி ஓடும். செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அம்மணிகள் பூவேலை செய்த உறை தைத்துப் போட்டிருப்பார்கள். ஓடும்போதும் கழற்ற மாட்டார்கள், பிறகு "நெம்பச் சூடாகுதுங்க" என்று புகார் வரும். பீளமேட்டில் ஒரு வீட்டில் தினமும் காலையில் கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எரிந்தது. போய்ப் பார்த்தால், அடுப்படியில் மாவாட்டும் கிரைண்டரும் அதுவும் ஒரே லைனில் தொங்கிக்கொண்டிருந்தன. கிரைண்டரை வேறு லைனுக்கு மாற்றுங்கள் என்றேன். கிரைண்டர்தானே முதலில் வந்தது, அதை எப்படி மாற்றுவது என்று அந்த வீட்டம்மா என்னையே திருப்பிக் கேட்டார். கிரைண்டர் பிறந்த இந்த ஊரில் அதற்கு யார் பதில் சொல்ல முடியும்?

மேலாளரைப் பற்றிச் சொல்கிறேன். வரதராஜன் என்று பெயர். வெள்ளை முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் பளபளக்கும் ஒரு ஸ்க்ரூ டிரைவர். அதை அவர் எதிலும் நுழைத்து நான் பார்த்ததில்லை. போனில் பேசும்போதுகூட எழுந்து நின்று குனிவார். எதிர்முனையில் இருக்கிறவருக்கு அது தெரியாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் வைத்திருந்த நடைமுறை ஒன்று உண்டு. வீட்டுக்குப் போனதும் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். "என்ன பண்ணினீங்க?" என்று ஒருநாளும் கேட்கக் கூடாது. இந்தப் பக்கத்து ஆட்கள் மரியாதைக்காரர்கள், "ஒண்ணுமே பண்ணலீங்க" என்றுதான் சொல்வார்கள். "கடைசியா எப்பங்க நல்லா ஓடுச்சு?" என்று கேட்டால் உள்ளதெல்லாம் தானாக வரும். பிறகு பிளக்கைப் பார். பிறகு மூடியைத் திற, கார்டுகளைப் பிடுங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பரால் அவற்றின் செப்புப் பல்லைத் தேய்த்து மறுபடி செருகு. பாதி மிஷின்கள் இதிலேயே உயிர் பிழைக்கும். ரப்பரை மட்டும் கஸ்டமர் கண்ணில் காட்டாதே. கிளம்பும்போது ஒரு அறிவுரை சொல்லிவிட்டு வா: "மிஷின் எது கேட்டாலும் என்டர் தட்டுங்க."

இந்தக் கடைசி அறிவுரை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. கஸ்டமர் யோசிக்க ஆரம்பித்தால் போன் வரும், என்டர் தட்டினால் போன் வராது என்பது அவர் கணக்கு. புதிதாக மிஷின் போடப் போகிற இடத்திலெல்லாம் அவரே கூட வந்து, கைகூப்பி, தீர்த்தம் கொடுக்கிற மாதிரி இதைக் கொடுப்பார்.

அப்படி வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர் சின்னச்சாமி மாஸ்டர். மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணபதியில் சொந்த வீடு. கம்ப்யூட்டரை வாங்கியது அவர் மகன், கணக்கு நிரல் படிக்கிறேன் என்று. ஒரே மாதத்தில் மகனுக்கு அலுத்துவிட்டது, அவர் பம்ப்செட் விற்க ஊர் ஊராகச் சுற்றப் போய்விட்டார். மாஸ்டர் ஜாதகம் போடுகிற ஃபிளாப்பி ஒன்றை வாங்கிவந்து மிஷினைத் தன்வசமாக்கிக்கொண்டார். கம்ப்யூட்டர் ஜாதகம் என்றால் ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. சொந்தக்காரர், தெருக்காரர், சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர் எல்லாரும் வாசலில் நின்றார்கள். மாஸ்டர் காசு வாங்கமாட்டார். மரியாதை மட்டும் வாங்கிக்கொள்வார், அதையும் ஏராளமாக. "ஜோசியன் பொய் சொல்லுவானுங்க. மிசினு பொய் சொல்லாதுங்க" என்பது அவர் வாடிக்கையாகச் சொல்வது.

ஒரு புதன்கிழமை அந்த வீட்டிலிருந்து போன் வந்தது. மிஷின் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டதாம், அதற்கு மேல் நகரவில்லையாம். நான் போய் வண்டியை நிறுத்துவதற்குள் ஒருவர் ஓடிவந்தார். அதே தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் பழனிச்சாமி. கையில் கிரீஸ்கூடத் துடைக்கவில்லை.

"ஏனுங்க தம்பி, வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிருமுங்களா? என்ற புள்ளை கண்ணாலம் அதுலதானுங்க நிக்குது."

விஷயம் இதுதான். அவர் மகள் கலாமணிக்குப் பவானியிலிருந்து ஒரு வரன். ஜமக்காள வியாபாரக் குடும்பம். பையனுக்குப் பிடித்திருந்தது. கலாமணிக்கும் பிடித்திருந்தது, அது அவள் முகத்திலேயே தெரிந்தது என்று பின்னால் கேள்விப்பட்டேன். மாஸ்டரிடம் ஜாதகம் போட்டார்கள். பொருத்தமெல்லாம் பிரமாதம். கடைசி வரியில் மட்டும் "நடப்பு திசை: சனி" என்று வந்துவிட்டது. சனி திசை நடக்கிற பெண்ணை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று பையனின் அம்மா பிடிவாதம். பையன் கெஞ்சியதில் அந்தம்மா ஒரு வழி விட்டிருந்தார்: வெள்ளிக்கிழமை தானே நேரில் வருவார், தன் கண்ணெதிரே இன்னொரு முறை போட வேண்டும், அதிலும் சனி வந்தால் வேறு இடம். இந்த நேரம் பார்த்து மிஷின் படுத்துவிட்டது.

உள்ளே போய்ப் பார்த்தேன். கீபோர்டில் மற்ற பட்டன்கள் எல்லாம் எழுத்து அழியாமல் இருந்தன. என்டர் மட்டும் குழி விழுந்து, சந்தனமும் குங்குமமும் பூசிக் காய்ந்திருந்தது. ஆயுத பூஜைக்கு எல்லா பட்டனுக்கும் பொட்டு வைக்கலாம் என்று மருமகள் சொன்னாளாம். வேலை செய்கிறது அது ஒன்றுதானே, அதற்கு மட்டும் வை என்றாராம் மாஸ்டர். வைத்ததும் தாராளமாகவே வைத்துவிட்டார்கள். குங்குமம் உள்ளே இறங்கி, மேலே மாஸ்டரின் குத்தும் விழுந்து, பட்டனுக்குள் இருந்த சுவிட்ச் செத்துப்போனது. மில்லில் தறிகெட்டு ஓடும் மிஷினை நிறுத்துகிற வேகத்தில்தான் அவர் என்டரையும் தட்டுவார்.

புது சுவிட்சுக்கு எங்கே போவது? ஸ்க்ரோல் லாக் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அது எதற்கு என்று இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதன் சுவிட்சைக் கழற்றி என்டருக்குக் கீழே பற்றவைத்தேன். மிஷினைப் போட்டேன். முதல் கேள்வி வந்தது. தட்டப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாருமே படித்ததில்லை போலிருக்கிறது, நான் படித்தேன்.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அது எக்ஸ்டி என்கிற பழைய வகை, மகன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அணைத்துவிட்டால் நாள் கணக்கை நினைவில் வைத்திருக்கும் பேட்டரி அதில் கிடையாது. ஒவ்வொரு முறை போடும்போதும் அது நம்மிடம் கேட்கும்: "1980 ஜனவரி ஒன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன். சரியான தேதி என்ன?" பதில் சொல்லாமல் என்டர் தட்டினால், சரி, 1980தான் என்று நம்பிக்கொண்டு வேலையைப் பார்க்கும். ஜாதக நிரல் அந்தத் தேதியை வைத்துத்தான் கடைசி வரியில் நடப்பு திசையைச் சொல்லும். அதாவது, கணபதியில் கல்யாணத்துக்கு நின்ற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவர்கள் ஆரம்பப் பள்ளிக்குப் போன வயதில் என்ன திசை நடந்ததோ, அதை அந்த மிஷின் ஒரு வருஷத்துக்கும் மேலாக அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. எத்தனை சம்பந்தம் கூடியதோ, எத்தனை முறிந்ததோ!

மாஸ்டர் அப்போது குளிக்கப் போயிருந்தார். அறையில் அவர் மருமகள் சுமதி மட்டும் காப்பி டம்ளரோடு நின்றாள். சரியான தேதியைத் தட்டினேன். மேஜை மேல் கிடந்த கலாமணியின் பிறந்த விவரத்தைக் கொடுத்தேன். பிரிண்டர் கிர்ரென்று இழுத்துக் கடைசி வரியை அடித்தது. நடப்பு திசை: புதன். சனி திசை அவள் பள்ளிக்கூடம் போகும்போதே முடிந்திருந்தது.

சுமதி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தை ஒரு பட்டனில் மீட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். நினைப்புத்தான்!

மாஸ்டர் திருநீறு மணக்க வந்து உட்கார்ந்தார். சரியாகிவிட்டதா என்று பார்க்க அவருக்கு ஒரு முறை உண்டு. மருமகளின் ஜாதகத்தைப் போடுவார். அவளுக்குக் குரு திசை நடக்கிறது என்று இதே மிஷினில் பார்த்துத்தான் அவளை எடுத்தார். அவள் வந்த பிறகுதான் மகனுக்குப் பதவி உயர்வு, மாடியில் ரூம் கட்டியது, அவருடைய மூட்டுவலி குறைந்தது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். குரு வந்தால் மிஷின் சரி. இதுதான் அவருடைய பரிசோதனை. தட்டினார். தாள் வந்தது.

நடப்பு திசை: சனி.

குரு திசை அவளுக்குச் சின்ன வயதிலேயே போய்விட்டது. கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் காலடி வைத்தபோதே சனிதான் கூட வந்திருக்கிறது. பதவி உயர்வும் மாடி ரூமும் சனி பகவான் பார்த்துச் செய்தவை. மாஸ்டர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மிசினைக் கெடுத்துப்போட்டீங்களே தம்பி" என்றார்.

தேதி விவகாரத்தைச் சொன்னேன். 1980ஐச் சொன்னேன். மாஸ்டர் அதை ஏற்காமல் பட்டென்று எழுந்துபோய் எங்கள் மேலாளருக்குப் போன் போட்டார். உங்கள் ஆள் பட்டன் மாற்ற வந்து உள்ளே இருக்கிற கணக்கையே மாற்றிவிட்டார், பெரியவராக வந்து சரிபண்ணிக் கொடுங்கள் என்றார். மரியாதை கொஞ்சமும் குறையவில்லை, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ங்க இருந்தது. இந்த ஊரில் கோபம் வந்தால் ங்க கூடும்.

வரதராஜன் சார் ஸ்கூட்டரில் வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். மாஸ்டர் சொன்னதை முழுக்கத் தலையாட்டிக் கேட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. மிஷினை அணைத்தார், போட்டார். கேள்வி வந்தது. "ஐயா, நீங்க பழையபடி என்டரே தட்டுங்க" என்றார். மாஸ்டர் தட்டினார். மருமகள் விவரத்தைக் கொடுத்தார். குரு திசை வந்தது. மாஸ்டர் முகத்தில் உயிர் வந்தது.

"பையன் புதுசுங்க, மன்னிச்சுக்கோங்க" என்றார் எங்கள் சார். ஒரு கல்யாணம் முறியப் போகிறது சார் என்று வாசலில் வைத்துச் சொன்னேன். கல்யாணம் நம்முடைய சர்வீஸ் காண்ட்ராக்டில் இல்லை என்றார். வெள்ளிக்கிழமை பவானிக்காரர்கள் வரும்போது மிஷின் நின்றுவிடக் கூடாது, அதனால் நீ வந்து பக்கத்தில் நில், வாயைத் திறக்காதே என்றும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். அந்த ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி அவர் டயரில் குத்தலாமா என்று இருந்தது. அதற்காவது அது பயன்பட்டிருக்கும்.

நான் வண்டியை எடுக்கும்போது சுமதி கேட் அருகே வந்து நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள்.

"ஏனுங்ணா, தேதியக் குடுத்தா அந்தப் புள்ளைக்குப் புதன். குடுக்காட்டி எனக்குக் குரு. அப்படித்தானுங்களே?"

அப்படித்தான் அம்மணி என்றேன்.

"அதை எப்படிப் போடோணும்னு சொல்லிக் குடுங்க."

பயமாக இல்லையா என்று கேட்டேன். அவள் மாமனார் சனியைப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கை நானும் பார்த்திருந்தேன். பார்த்த பிறகு அவளை எப்படி நடத்துவாரோ, யார் கண்டது?

"எனக்குக் கண்ணாலம் ஆயிப்போச்சுங்ணா. அந்தப் புள்ளைக்கு இனித்தான் ஆகோணும்" என்றாள்.

சொல்லிக் கொடுத்தேன். மாதம் முதலில், நாள் அதற்குப் பிறகு, கடைசியில் வருஷம், நடுவில் கோடு. அமெரிக்காக்காரன் அப்படித்தான் எழுதுவான் என்றேன். கையில் எழுதிக்கொள்ளாமல் உதட்டுக்குள்ளேயே இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பவானிக்காரர்கள் வந்தார்கள். பையன், அவன் அம்மா, ஒரு மாமா. மாஸ்டர் வீட்டில் ஜமக்காளம் விரித்து, அவர்கள் ஊர்ச் சரக்கிலேயே அவர்களை உட்கார வைத்தார்கள். பழனிச்சாமி சுவரோரம் நின்றார். அன்றைக்குக் கையைச் சுத்தமாகக் கழுவியிருந்தார். கலாமணியை அழைத்து வரவில்லை. மாஸ்டர் பூஜையறையிலிருந்து வருவதற்குள் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஜாதக நிரல் தயாராகத் திரையில் நின்றது. "நான் போட்டு வெச்சுட்டனுங்க மாமா" என்றாள் சுமதி. நல்ல காரியம் என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

கலாமணியின் விவரம் உள்ளே போனது. பிரிண்டர் அடித்தது. பையனின் அம்மா எழுந்து வந்து தாளை நேராக வாங்கிக்கொண்டு, கடைசி வரியை விரல் வைத்துப் படித்தார்.

"புதனுன்னு வந்திருக்குதுங்க. போன தடவை சனின்னீங்க?"

மாஸ்டர் தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அவர் வாயிலிருந்து என்ன வருமோ என்று நான் நிற்க, "அப்ப மிசினுக்கு மேலுக்குச் சரியில்லீங்க. இப்பத்தான் தம்பி வந்து பாத்தாரு" என்றார். என்டர் பட்டன் மாற்றியிருக்கிறோம் என்று நானும் சேர்த்துச் சொன்னேன். பட்டனை மாற்றினால் கிரகம் மாறும் என்பதை நம்புவதில் அந்தம்மாவுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. பையன் பெரிதாக மூச்சு விட்டான். பழனிச்சாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். சம்பந்தம் முடிந்த சந்தோஷத்தில் அந்தம்மாவுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது.

"உங்க மருமகளுக்குக் குரு திசைன்னு ஊரே பேசுதுங்களே. அதையும் ஒருக்காப் போடுங்க, கண்ணுல பாத்துக்கறேன்."

மறுத்தால் சந்தேகம் வரும். சுமதி காப்பித் தட்டோடு நிலைவாசலில் நின்றாள். மாஸ்டர் ஒவ்வொரு எண்ணாகத் தட்டினார். கடைசியில் என்டரை எந்நாளும் இல்லாத பொறுமையோடு அழுத்தினார். தாள் வந்தது. இந்தத் தரம் அவரே எட்டிக் கிழித்து, மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் நின்றதால் கடைசி வரி எனக்கு நன்றாகத் தெரிந்தது. சனி.

"என்னங்க வந்திருக்குது?"

"குரு திசைங்க" என்று சத்தமாகப் படித்தார் மாஸ்டர். "அதேதானுங்க. என்ற மருமகளுக்கு எப்பவும் குருதான்." தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுப் பட்டனையும் மாட்டிக்கொண்டார். மிஷின் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொன்ன மனுஷன், அன்றைக்கு மிஷின் சொன்ன உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணிமைக்காமல் பொய் சொன்னார். அந்த ஒரு பொய்க்காக அவருடைய அத்தனை ஜம்பத்தையும் நான் மன்னித்துவிட்டேன்.

அவர்களெல்லாம் கிளம்பிய பிறகு மாஸ்டர் என்னோடு கேட் வரைக்கும் வந்தார்.

"தம்பி, தெனமும் அது என்றகிட்டக் கேட்டது தேதியைத்தானுங்களா?"

ஆமாங்க மாஸ்டர் என்றேன்.

"தேதியப் போட்டா தனக்குச் சனின்னு வரும்கிறது சுமதிக்குத் தெரியாதாக்கும்?"

தெரியும் என்றேன். புதன்கிழமை அவர் போன் பேசிக்கொண்டிருந்தபோதே தெரியும் என்றேன்.

"தெரிஞ்சேதான் போட்டுதா?"

தலையாட்டினேன். சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, உள்ளே டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவளுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கண்ணு, நாளைக்கிருந்து மிசினை நீயே போட்டுரு. அது என்ன கேட்டாலும் நீயே பதில் சொல்லு. எனக்குப் பட்டனைத் தட்டத்தான் தெரியும்."